பச்சைச் சாயத் தண்ணீர்

மெக்கானிக், இன்ஜின் சூட்டைத் தணிக்கும் கூலன்ட் என்ற பேரில் பச்சைச் சாயத் தண்ணீரை ஊற்றுகிறார் என்று தெருவெல்லாம் பேச்சு. விசாரித்தால், கிளப்பிவிட்டது அவருடைய மச்சானேதான். மச்சானின் கார் சூடேறி நடுவழியில் நின்றதும் பழி மெக்கானிக் தலையில் விழுந்தது. பட்டறைக்கு வண்டி வருவது நின்றே போனது.

வேறெங்கும் சரியாகாமல் ஒருநாள் மச்சான் அதே காரோடு வந்தார். இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து மெக்கானிக் ரேடியேட்டரைத் திறந்துவிட்டார். துருச்சேறு கொட்டியது.

"குழாத்தண்ணிய ஊத்துனியா மச்சான்?"

"கூலன்ட் விக்கிற விலையில... விடு மாப்ள, குடும்பத்துக்குள்ள என்ன!"

"ஊரெல்லாம் சொன்னியே, அத மாத்திச் சொல்லு."

"சொல்றேன், சொல்றேன்."

தண்ணீர் தெளிந்து வரும்வரை மூன்று முறை அலசி, புது கூலன்ட் நிரப்பினார். மச்சான் கூலியைச் சுளையாகக் கொடுத்துவிட்டார். மாற்றிச் சொல்வதுதான் மாதமாகியும் பாக்கி.