கஸ்தூரி டீச்சரின் ஐந்து குண்டு ரிவால்வர்

1. மேஜைமேல்

"நம்பர் எங்கய்யா?" என்று ஆய்வுக்கு வந்த அதிகாரி கேட்டார். ரிவால்வர் அவருடைய உள்ளங்கையில் மல்லாந்து கிடந்தது. புதுப் பாத்திரம் மாதிரி பளபளத்தது. அந்தப் பளபளப்பு என் கைவேலை. கைப்பிடியின் அடியில் ஐந்து எண்கள் இருந்த இடத்தில் முதல் இரண்டு மட்டும் மங்கலாகத் தெரிந்தன. மற்ற மூன்றையும் நான்தான் முந்தின நாள் தேய்த்துத் தீர்த்திருந்தேன். அது அந்த நிமிஷம் வரைக்கும் எனக்கே தெரியாது.

எதிரில் மர நாற்காலியில் கஸ்தூரி டீச்சர் உட்கார்ந்திருந்தார். ரிவால்வர் அவருடைய அப்பாவுடையது.

2. பொருள் வந்த விதம்

செஞ்சி கடைவீதியில் ஒரு துப்பாக்கிக் கடையில் மெக்கானிக்காக இருந்தேன். சினிமாவில் வருகிற மாதிரி கடை என்று நினைக்க வேண்டாம். காட்டுப்பன்றிக்கு பயந்து விவசாயிகள் வாங்கும் ஒற்றைக்குழல், இரட்டைக்குழல், அதற்குத் தோட்டா, பழுது பார்க்க ஒரு மேஜை, ஒரு இரும்பு பீரோ. லைசென்ஸ்காரர் இறந்துபோனால், வாரிசு பேருக்கு மாறும்வரை அவருடைய ஆயுதம் அந்த பீரோவில்தான் இருக்கும்.

கஸ்தூரி டீச்சர் மண்டகப்பட்டு பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளியில் வேலை பார்த்தவர். அப்பா ரைஸ் மில் வைத்திருந்தவர். அவர் போன பிறகு சொத்தைப் பிரித்த கதையை டீச்சர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"மில்லு பெரிய அண்ணனுக்கு, வூடும் நெலமும் சின்ன அண்ணனுக்குண்ணா. பொட்டச்சிக்கு இன்னாத்துக்குன்னு கேட்டாங்க. கடைசில பரண்ல கெடந்தது இது. யாருக்கும் வேணாமாம். எனக்கு வேணும்னு சொல்லி எடுத்துகினு வந்துட்டேன்."

"இத வெச்சிகினு இன்னா பண்ணப் போறீங்க டீச்சர்?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். நைனா சாகற வரைக்கும் இத அவர்தான் தொடச்சி வெப்பாரு. ஒருத்தர தொட விட மாட்டாரு. இனிமே நான் தொடச்சி வெக்கறேன்."

பழைய லெதர் உறையிலிருந்து எடுத்தேன். சின்ன பிரேம் ரிவால்வர், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மேலே தாழ்ப்பாளைத் தூக்கினால் நடுவில் மடிந்து திறக்கும் ரகம். சிலிண்டரில் ஐந்து அறைகள். சிலிண்டர் நீளம் குறைவு. அதை வைத்தே காலத்தைச் சொல்லிவிடலாம். கருமருந்துத் தோட்டா ஓடிய காலத்து இரும்பு அது. இப்போதைய தோட்டாவைப் போட்டுச் சுட்டால் முதலில் பிளப்பது சிலிண்டர், அடுத்தது சுட்டவன் கை. பேரலின் முதுகில் பொடி எழுத்தில் ஒரு வரி ஓடும். அது பேட்டன்ட் தேதி. அதைச் சீரியல் நம்பர் என்று எழுதிவைத்த லைசென்ஸ்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இது அப்படியில்லை. டீச்சரின் அப்பா கச்சிதமான ஆள். லைசென்ஸில் இருந்த நம்பரும் கைப்பிடியின் அடியில் இருந்த நம்பரும் ஒன்று.

ஒன்று என்று கண்ணால் பார்த்தேன். அதோடு விட்டேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வண்டிக்குச் சேஸிஸ் நம்பர் எடுப்பதுபோல, நம்பர்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து, அந்தக் காகிதத்தை ரெஜிஸ்டரில் ஒட்ட வேண்டும். நம்பர் ஆழமில்லாமல் இருந்ததால் இரண்டு தடவை தேய்த்தும் சரியாக விழவில்லை. சரி போ என்று லைசென்ஸைப் பார்த்து நம்பரை எழுதிவிட்டேன். எல்லாக் கடையிலும் செய்வதுதான். சோம்பேறித்தனத்துக்குக் கூட்டாளிகள் அதிகம்.

3. பஃபிங் வீல்

லைசென்ஸைத் தன் பேருக்கு மாற்ற டீச்சர் போட்டிருந்த மனுவுக்காக ஆய்வுக்கு ஆள் வருகிறார் என்று தெரிந்ததும் முதலாளி, "அந்த டீச்சரு ரிவால்வர கொஞ்சம் தொடச்சி வைய்யா" என்றார். துடைக்கத்தான் சொன்னார்.

பழைய நிக்கல் பிளேட்டிங்குக்கு மெல்லிய எண்ணெய் தொட்ட பருத்தித் துணி போதும். உரிகிற இடத்தைத் தொடக்கூடாது. லெதர் உறையில் போட்டு வைக்கக்கூடாது, பச்சைக் களிம்பு பிடிக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, சுழன்று மெருகேற்றும் பஃபிங் வீலில் வைத்தேன். அதிகாரி கையில் எடுத்ததும் "யார் வேலை இது?" என்று கேட்க வேண்டும் என்று ஒரு அற்ப ஆசை. கைப்பிடியின் அடியில் பச்சை கொஞ்சம் கெட்டியாகப் பிடித்திருந்தது. அங்கே அழுத்தினேன். பிறகு கண்ணாடி போட்டுப் பார்க்கவில்லை.

4. "இல்லீங்க சார்"

அதிகாரி நம்பரைக் கேட்டதும் முதலாளி முந்திக்கொண்டார். "வரும்போதே அப்டித்தான் சார் இருந்திச்சி. நாங்க இன்னா பண்றது?"

அதிகாரி ரெஜிஸ்டரைப் புரட்டினார். மற்ற எல்லாப் பக்கத்திலும் பென்சில் தேய்த்த காகிதம் இருந்தது. இந்தப் பக்கத்தில் மட்டும் என் கையெழுத்து. என்னைப் பார்த்து, "வேற எங்கயாவது நம்பர் இருக்குமா?" என்று கேட்டார்.

இருந்தது. அந்த ரகத்தில் இடது பக்கக் கைப்பிடித் தகட்டுக்கு உள்ளே, பிரேமில் அதே நம்பரை இன்னொரு தரம் குத்தியிருப்பார்கள். ஒரே ஒரு ஸ்க்ரூ. கழற்றிக் காட்டியிருந்தால் லைசென்ஸ் நம்பரோடு ஒத்துப்போயிருக்கும், டீச்சர் தப்பித்திருப்பார். அடுத்த கேள்வி, வெளியே இருந்த நம்பரை அழித்தது யார் என்பதாக இருந்திருக்கும். முதலாளி மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

"இல்லீங்க சார்" என்றேன்.

அதிகாரி டீச்சர் பக்கம் திரும்பினார். கோபமாகக்கூடப் பேசவில்லை. "நம்பர் அழிச்ச ஆயுதம்மா இது. வாங்கின எடம் நேர்மையா இருந்தா யாரும் நம்பர அழிக்க மாட்டாங்க. உங்கப்பா உயிரோட இருந்தா கேஸே அவர் மேலதான் ஆயிருக்கும்."

டீச்சர் என்னைப் பார்த்தார். "நைனா அப்டிப்பட்ட ஆள் இல்லண்ணா. நீங்க சொல்லுங்க, நீங்கதான பாத்தீங்க?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ரிவால்வரைத் துணியில் சுற்றி, சீல் வைத்து எடுத்துப்போனார்கள். டீச்சரின் மனு தள்ளுபடி ஆனது. ஆயுதம் பறிமுதலாகி, பிறகு அழிக்கப்பட்டது. மில்காரர் திருட்டுத் துப்பாக்கி வைத்திருந்தார் என்று கடைவீதியில் டீக்கடைக்கு டீக்கடை பேசினார்கள். நானும் அங்கேதான் டீ குடித்தேன்.

சாயங்காலம் முதலாளி, "நீ வாயத் தொறந்திருந்தா கடை லைசென்ஸே போயிருக்கும்யா" என்று தோளில் தட்டினார். அந்தக் கடைக்காகத்தான் பொய் சொன்னேன். முதலாளி செத்ததும் அவர் மகன் அதை மூடிவிட்டு செல்போன் கடை வைத்துவிட்டான்.

5. பஸ் ஸ்டாண்டில்

நான்கு வருஷம் கழித்து ஒரு அமாவாசை அன்று செஞ்சி பஸ் ஸ்டாண்டில் டீச்சரைப் பார்த்தேன். மேல்மலையனூர் கோவிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்ஸுக்கு அத்தனை கூட்டம். அவரே கூப்பிட்டு, "நல்லா கீறீங்களாண்ணா?" என்று விசாரித்தார். அந்த மரியாதை எனக்குத் தாங்கவில்லை. கூட்டத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பஃபிங் வீல், ஒட்டாத காகிதம், கைப்பிடிக்கு உள்ளே இருந்த நம்பர், எல்லாம்.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். ஒன்றுதான் கேட்டார்.

"அந்த ஸ்க்ரூவ கழட்ட எவ்ளோ நேரம் ஆவும்?"

"ரெண்டு நிமிஷம் டீச்சர்."

மேல்மலையனூர் பஸ் வந்தது, நிரம்பியது, போனது. அவர் ஏறவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். பழைய ஆயுதத்தைத் துடையுங்கள், தேய்க்காதீர்கள். நம்பர் விழாவிட்டால் பத்துத் தரம் பென்சில் தேய்த்தாவது காகிதத்தில் எடுங்கள். கை தவறிவிட்டால் அங்கேயே, அதே மேஜையிலேயே ஒப்புக்கொள்ளுங்கள். வேலை போகும். போகட்டும். நான் ஒப்புக்கொண்டது எல்லாம் முடிந்த பிறகு. என் மனபாரம் குறைந்ததைத் தவிர அதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை.

டீச்சர் கிளம்பும்போது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"நைனா திருட்டுத் துப்பாக்கி வெச்சிருந்தார்னு அண்ணனுங்க சொன்னதையெல்லாம் நம்பிட்டேன். நைனா போட்டோவ செவுத்துலேர்ந்து எறக்கி பீரோவுல போட்டு பூட்டிட்டேன். நாலு வருசமா அவருக்கு ஒரு முழம் பூ வெக்கல நான்."