துடைக்கக் கூடாத பெட்டி

ஊருஸ்ட் தீவின் படகுப் பட்டறையில் குனில்லா துடைக்காத பொருள் ஒன்றே ஒன்றுதான்: தம்பி ஸ்டெஃபான் சுவரில் மாட்டிய சாம்பல் நிறப் பெட்டி.

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, கண்ணாடியிழையும் பிசினும் கொண்டு படகு வார்க்க வந்தவள் அவள். தம்பியோ கோதன்பர்க் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளன். பெட்டிக்குள் ஒரு மின்னணுச் சில்லு, அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு. பிசினிலிருந்து கிளம்பும் நச்சு ஆவியை உறிஞ்சிப் பூச்சு உப்பும், பெட்டி காட்டும் எண் ஏறும். காற்று தெளிந்தால் இறங்கும். பட்டறைக்காரர்களின் மூக்கு ஒரே மாதத்தில் மரத்துவிடும். பெட்டி மரத்துப்போகக் கூடாது. முந்தைய இரண்டு பெட்டிகளும் ஓராண்டுக்குள் பூச்சு கெட்டுப் பொய் எண் காட்டின. இது மூன்றாண்டு தாங்கினால்தான் பட்டறைகள் நம்பி வாங்கும்.

"தூசி படிஞ்சாலும் தொடாத அக்கா. இங்க காத்து எப்படியோ அப்படியே அது கிடக்கணும்" என்றிருந்தான்.

தூரிகைகளை நீளவாரியாக அடுக்குகிறவளுக்கு அது பெரிய தண்டனை.

"உன் தம்பியோட பொட்டிக்குத் தாடி முளைச்சிருச்சு!" என்பான் உடன் வேலை செய்யும் ரோலாந்த்.

"முளைக்கட்டும். எண் பிசகாம காட்டுது. உன் மூக்கு காட்டுமா?"

மூன்றாம் ஆண்டு முடியச் சில நாள்களே இருந்தன. கிறிஸ்துமஸுக்கு முன் எல்லோரும் கூடிப் பட்டறையைச் சுத்தம் செய்தார்கள். குனில்லா குங்குமப்பூ ரொட்டி எடுத்துவரப் போய்த் திரும்பினாள். பெட்டி பளபளத்தது. ரோலாந்த் கையில் பிசினைக் கரைக்கும் அசிட்டோன் நனைத்த துணி. அங்கே எதைத் துடைக்கவும் அதுதான்.

"உனக்குக் கிறிஸ்துமஸ் பரிசு! காத்து போற ஓட்டையெல்லாம்கூடத் துடைச்சிட்டேன்."

அவள் ரொட்டித் தட்டை இறக்கி வைத்துவிட்டுத் தம்பியை அழைத்தாள்.

மறுநாளே ஸ்டெஃபான் வந்து பெட்டியைத் திறந்தான். பூச்சு கரைந்து சுருங்கியிருந்தது.

"நேத்து வரைக்கும் எண் பிசகலக்கா. பூச்சு ஜெயிச்சிருச்சு, பொட்டிதான் தோத்துருச்சு."

"நான் பக்கத்துலயே நின்னிருக்கணும்டா."

"நீ எத்தனை பட்டறையில போய் நிப்ப? இவங்க கையில அசிட்டோன் துணி இல்லாத நாள் ஏது? அது எனக்குல்ல தோணியிருக்கணும்."

ரோலாந்த் காதுவரை சிவந்து, காபி ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்தான்.

பனி உருகியபின் புதுப் பெட்டி வந்தது. அதைச் சுற்றிக் கம்பிவலைக் கூண்டு. மறுபடியும் மூன்றாண்டு. குனில்லாவே திருகாணிகளை முடுக்கி, கோணலில்லையே என்று தள்ளி நின்று பார்த்தாள்.

"கூண்டை மட்டும் துடைக்கலாமாடா?"

"வெறும் தண்ணியில."

அவள் அப்போதே துணியை நனைக்கப் போனாள்.