மறைக்காத மருந்து பாட்டில்

சில வருடங்களுக்கு முன், ஆனி மாதம். குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்தது. கடையம் பக்கம் எங்கள் கத்தரித் தோட்டத்தில் சாரல் விட்டிருந்தாலும் காற்று ஆளைத் தள்ளியது. காயில் புழு விழுந்துவிட்டதென்று என் கணவர் ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு மருந்தடிக்கக் கிளம்பினார். காற்று அடங்கட்டுமே என்றேன். என்றைக்கு நான் சொல்லிக் கேட்டிருக்கிறார்?

மதியச் சோறு கொண்டுபோனபோது வரப்பில் உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் மருந்து. வேர்த்துக் கொட்டியது, வாயில் எச்சில் வழிந்தது. "ஏட்டி, கண்ணு மங்கலா தெரியுது" என்றார். சட்டையை உருவி எறிந்து, பம்ப்செட் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினேன். போன் செய்ததும் அவருடைய அண்ணன், எனக்கு அத்தான் முறை, ஆட்டோவோடு வந்தார். தென்காசி ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். மருந்து பாட்டிலைப் பாலிதீன் பையில் சுற்றிக் கையில் வைத்திருந்தேன்.

அத்தான் போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். "ஏம்மா, அதத் தூரப் போடு. மருந்துன்னா குடிச்சிட்டான்னுதான் நினைப்பாவ. கேஸாயிரும், குடும்ப மானம் போயிரும். வெயில்ல மயங்கிட்டான்னு சொல்லு" என்றார். அவர் எதிரே நின்றுகூட நான் பேசியதில்லை. அன்றைக்குப் பேசினேன். "வானம் மூடிக் கெடக்கு, ஏது அத்தான் வெயிலு? மானம் கெடக்கட்டும், எனக்கு இவுக வேணும்."

"அடிக்கும்போது மேல பட்டுட்டு, குடிக்கல" என்று ஆஸ்பத்திரி வராண்டா முழுக்கக் கேட்கும்படி சொல்லி, டாக்டரிடம் பாட்டிலை நீட்டினேன். அவர் லேபிளைப் படித்தார், டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். கண்ணின் பாப்பா கடுகாய்ச் சுருங்கியிருந்தது. உடனே ஊசி போடத் தொடங்கினார்கள். இந்த மருந்து தோல் வழியாகவே உடம்புக்குள் போகும், குடிக்கவே வேண்டாம், என்னவென்று தெரியாமல் நேரம் போயிருந்தால் மூச்சே நின்றிருக்கும் என்றார் டாக்டர். அத்தான் வாசலுக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிழைத்து வீட்டுக்கு வந்தோம். பெண்டாட்டியோடு சண்டை போட்டு மருந்தைக் குடித்துவிட்டான் என்று ஊர் பேசத்தான் செய்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? கேட்டவர்களிடமெல்லாம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். இப்போது காற்றடித்தால் அவர் ஸ்பிரேயரைத் தொடுவதில்லை.

பேசியவர்கள் ஓய்ந்துவிட்டார்கள், இவர் இன்றும் என் எதிரே உட்கார்ந்து குழம்பில் உப்பில்லை என்று குறை சொல்கிறார், அதைக் கேட்கும்போதெல்லாம் அன்று பாட்டிலைத் தூரப் போடாத என் கையை நானே மெச்சிக்கொள்கிறேன்.