செத்த கார்டு இடம் கேட்டது

காலையில் எங்கள் ராயபுரம் கம்பெனியில் பிளாட்டர் நின்றுவிட்டது. துணி வெட்டும் அளவுகளைத் தாளில் வரைந்து தரும் மிஷின் அது. கட்டிங் மாஸ்டர் துணியை விரித்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சர்வீஸ்காரர் வந்தார். கம்ப்யூட்டரைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

“பிளாட்டர் கார்டு செத்துப்போச்சுங்க. கழட்டிக் குடுங்க, எடுத்துட்டுப் போறனுங்க.”

அந்த அவசரம்தான் எனக்கு உறுத்தியது.

திரையில் தேடினேன். பிளாட்டரைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் அந்தக் கார்டின் பெயர் இருந்தது. பக்கத்தில் மஞ்சள் குறி, ‘இதற்குப் போதுமான இடம் இல்லை’ என்ற செய்தி.

“ஏனுங்க, செத்த கார்டு எப்படிங்க இடம் கேக்கும்?”

மாஸ்டர் சிரித்தார்.

அந்தக் கார்டு இருப்பது கம்ப்யூட்டருக்குள் பிரிட்ஜ் என்ற சிப்புக்குப் பின்னால். ஒரே கேட்டுக்குள் வாடகை வீடுகள் வரிசையாக இருக்கும் லைன் வீட்டுக் காம்பவுண்டு மாதிரி. கேட்டுக்கு உள்ளே எத்தனை கதவு எண்கள் என்பது கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே முடிவாகிவிடும். விண்டோஸ் அதற்குள்தான் ஒவ்வொரு கார்டுக்கும் முகவரி கொடுக்கும். நேற்று சாயங்காலம் அதே காம்பவுண்டில் கண்காணிப்பு கேமராவுக்கான ஒரு கார்டு குடிவந்து, இருந்த எண்களையெல்லாம் வளைத்துப்போட்டுவிட்டது.

அதை மாட்டிவிட்டுப் போனவர் இதே சர்வீஸ்காரர்.

கேமரா கார்டைக் கழற்றி அந்த பிரிட்ஜுக்கு வெளியே இருந்த வேறு ஸ்லாட்டில் மாட்டி ஆன் செய்தேன். பிளாட்டர் ஓடியது.

கிளம்பும்போதும் அவர் விடவில்லை. “எதுக்கும் அந்தக் கார்டை எடுத்துட்டுப் போய் செக் பண்ணட்டுங்களா?”

உங்கள் கம்பெனியிலிருந்து இதுவரை எத்தனை கார்டுகள் உயிரோடு இப்படிப்பட்ட சர்வீஸ்காரர் பையில் போயிருக்கின்றன? யோசித்துச் சொல்லுங்கள்.