ஜாக்கெட்டுக்கு மேலே ஒரு வேஷம்

ஹவுகன்ஸ்டுவா நிலையத்தில் மழையில் நனைந்தபடி ரயிலுக்கு நின்றிருந்தேன். தொலைபேசியில் ஜெசிந்தா அக்காவின் மகள். "அன்ரி, அம்மா விடியவெள்ளன போயிட்டா" என்றாள். பனி கொட்டவேண்டிய மாசியில் ஒஸ்லோவில் மழை. அந்த மழைமேல் அப்போது வந்த கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

எங்கள் குடியிருப்பின் குளிர்காலக் களியாட்டத்தில் அவரைப் பார்க்காதவர், இதை வாசிக்கும் அயலவர்களான உங்களில் எவரும் இருக்கமாட்டார்கள். முதல் வருடம் நானும் அவரும் பிள்ளைகளுக்கு மயில், புலி என்று உடம்புக்குக் கச்சிதமாக வேஷம் தைத்தோம். வெளியே கடுங்குளிர். எல்லோருக்கும் தடித்த ஜாக்கெட்டை மாட்டிவிட, மயிலுமில்லை, புலியுமில்லை. நோர்வேப் பிள்ளைகளோ ஜாக்கெட்டுக்கு மேலே வேஷம் போட்டிருந்தார்கள். அக்கா பனியில் குந்தியிருந்து சிரித்தார். அதன்பிறகு அளவெடுக்க வருகிறவர்களிடம், "ஜாக்கெட்டோடை வா, இல்லாட்டி வராதை" என்பார்.

மன்னார்க் கத்தோலிக்கரான அவருக்கு இந்தக் களியாட்டம் அந்நியமாகத் தெரியவில்லை. ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் நோன்பான தவக்காலம் தொடங்குமுன் வரும் ஞாயிறு அது. கிரீம் வைத்த பன் தின்று, இறகு கட்டிய மரக்கிளையால் தூங்குகிறவர்களைப் பிள்ளைகள் அடித்து எழுப்பும் நாள். "ஏன் கொண்டாடுறம் எண்டதை இவை மறந்திட்டினம். எனக்கு மறக்கேல்லை" என்பார். தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் வந்துவிட்டால் வேஷத் துணியைத் தொடவே மாட்டார்.

இந்த வருடம் நோய் முற்றியிருந்தது. களியாட்டத்தின் வேஷ ஊர்வலத்தில் இன்னும் ஒரேயொரு முறை நடக்கவேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. பனி இல்லை என்று விழாக்குழு தள்ளிவைத்தது. பிறகு மறுபடியும் தள்ளிவைத்தது. "பனியோ நடக்கிறது? நாங்கள்தானே நடக்கிறம்?" என்று அவர் கேட்டதைக் கூட்டத்தில் அப்படியே சொன்னேன். பனியில்லாமல் பிள்ளைகளை ஏற்றிவரும் சறுக்குவண்டி ஓடாதே என்றார்கள்.

புதிய நாள் தவக்காலத்துக்குள் விழுந்தது. சொல்லத் தயங்கித்தான் சொன்னேன். கட்டிலில் கிடந்தபடி கூரையையே பார்த்தார். "ஆண்டவர் இந்தமுறை கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளட்டும். நான் வாறன்" என்றார். வாழ்நாள் முழுக்கக் காத்த ஒன்றை ஒரு ஊர்வலத்துக்காக விட்டுக்கொடுத்தார். அப்படியும் கிடைக்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் பனி கொட்டியது. ஊர்வலம் போனது, மிக அழகாக இருந்ததாம். நான் போகவில்லை.

அவர் தனக்கென்று தைத்த கொக்கு வேஷத்தை மகள் என்னிடம் தந்தாள். அவரில் எனக்கு மிஞ்சியது அதுதான். முன்பு எனக்கும் அவருக்கும் ஒரே அளவு; இதையும் வழமைபோல ஜாக்கெட்டோடுதான் அளவெடுத்தாராம். ஜாக்கெட்டுக்கு மேலே போட்டுப் பார்த்தேன், கை நுழையவில்லை. ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுப் போட்டால் எனக்குச் சரியாக இருக்கிறது. அக்கா அவ்வளவு மெலிந்திருந்தார்.