இரண்டு முடிச்சுப் போட்ட நூல்

என் வாகனத்தின் டாஷ்போட் பெட்டிக்குள் ஒரு சிவப்பு நைலோன் நூல் சுருண்டு கிடக்கிறது. மேசன்மார் சுவர் கட்டும்போது இழுத்துக் கட்டுவார்களே, அந்த நூல். அதன் ஒரு முனையிலிருந்து ஏறக்குறைய இரண்டு மீற்றர் தள்ளி ஒரு முடிச்சு இருக்கிறது. அதற்கு இரண்டு விரல் உள்ளே இன்னொரு முடிச்சு. முதலாவதை நான் பார்த்துக்கொண்டு நிற்கவே கராஜ்கார நானா போட்டார். இரண்டாவது முடிச்சு ஒன்று இருப்பதே எனக்கு நாலு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

நானா மடவளையில் கராஜ் வைத்திருப்பவர். என்னைவிட ஐந்து வயது இளையவர்தான். ஆனாலும் ஊரே அவரை நானா, அதாவது அண்ணன், என்றதால் எனக்கும் அவர் நானா. அவருக்கு நான் டொக்டர். மனிதர்களுக்கு அல்ல, மாடுகளுக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, திரும்பிப் போகாமல் கண்டியிலேயே தங்கிவிட்ட அரசாங்க மிருக வைத்தியர். பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் மாடு வளர்க்கிறவர்கள்தான் என்னை அதிகம் கூப்பிடுவார்கள். அந்தக் கல்லுப் பாதைக்காகவே நாலு சில்லிலும் இழுக்கிற பழைய வேகன் ஒன்றை வாங்கினேன். முதல் நாள் நானா அதன் பொனட்டைத் திறக்கவே இல்லை. நூலை எடுத்து ஒவ்வொரு டயரையும் சுற்றி அளந்தார், ஒரு முடிச்சுப் போட்டார். “நாலு சில்லும் ஒரே அளவா ஈக்கணும் டொக்டர். ஒண்டு சின்னதா ஈந்தா அது கூடச் சுத்தும். நடுவுல ஈக்கிற கியர் அதச் சரிக்கட்டப் பாத்துப் பாத்துச் சூடாகிச் செத்துப் போகும்” என்றார். வாகனத்தோடு வந்த ஸ்பேர் டயர் அளவில் சின்னது. அதைப் போட நேர்ந்தால் வீடு வந்து சேரும் வரைக்கும்தான், மறுநாளே மாற்றிவிட வேண்டும் என்று இரண்டு தரம் சொன்னார். நானும் இரண்டு தரம் தலையாட்டினேன்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள் தோட்டத்திலிருந்து போன் வந்தது. “டாக்டரம்மா, கன்னுக்குட்டி கால் மட்டும் வெளிய வந்திருக்குங்க, சீக்கிரம் வாங்க!” பாதி வழியில் ஒரு கல் டயரின் பக்கத்தைக் கிழித்துவிட்டது. மழையில் நனைந்துகொண்டே ஸ்பேரைப் போட்டு ஏறினேன். பசுவும் கன்றும் பிழைத்தன. அதன்பிறகு டயரை மாற்ற மறந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். மறக்கவில்லை. சோம்பல். இன்றைக்கு, நாளைக்கு என்று ஒன்றரை மாதம் அந்தச் சின்ன டயரிலேயே மலை ஏறி இறங்கினேன். ஒரு நாள் வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தபோது வாகனம் யாரோ பின்னால் பிடித்து இழுத்ததுபோல் உதறியது. அப்போதுதான் நானா சொன்ன நடுக் கியர் நினைவுக்கு வந்தது.

நான் செய்த முதல் காரியம் நானாவிடம் போனதல்ல. மற்ற மூன்றுக்கும் சரியான அளவில், அதே அளவு தேய்ந்த டயர் ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்டேன். ஸ்பேரை டிக்கிக்குள் பழைய இடத்தில் வைத்தேன். அதற்குப் பிறகுதான் மடவளைக்குப் போனேன். நானா வாகனத்தை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

“டொக்டர், அந்த ஸ்பேரப் போட்டு ஓடினீங்களா?”

“சீச்சீ, இல்லை நானா.” அதோடு வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. “மழை தொடங்க முதல் நீங்கள்தானே கியர் ஒயில் மாத்தினீங்கள். அதில ஏதும் பிழைச்சுப் போச்சோ?”

அவர் கையைத் துடைத்தார். “அப்படியெண்டா என்ட கையாலதான் ஏதும் ஆகி ஈக்கும்” என்றார். மருந்து கொடுக்காமலே கொடுத்தேன் என்று சாதிக்கும் மாட்டுக்காரர்கள்மேல் சீறி விழுகிற வாய் என்னுடையது. மாட்டின் கண்ணைப் பார்த்தே அவர்களுடைய பொய்யைப் பிடித்துவிடுவேன் என்று பெருமையும் பேசுவேன். அந்த வாய் அன்றைக்கு இப்படிச் சொல்லிற்று.

மூன்று நாள் அடியில் கிடந்து, கழற்றி, வேறொரு வாகனத்தின் பாகத்தைத் தேடிப் பூட்டி, வண்டியைச் சரியாக்கித் தந்தார். சாவியோடு அந்த நூலையும் என் கையில் வைத்தார். “இனி வேற ஆள்ட காட்டுங்க டொக்டர். மலையில ஓடுற வாகனம். நம்பிக்கை இல்லாம இந்த வேல செய்யேலா.” தன் கைமேல் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது என்றுதான் நான் விளங்கிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. உண்மை வெளிவரவில்லையே என்று ஆறுதலாகவும் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். பிறகு கெலிஓயாவில் ஒரு கராஜுக்கு மாறினேன். மடவளை வழியாகப் போக வேண்டி வந்தால் சுற்றுவழியில் போனேன். வேலை தெரிந்த ஒரு மனிதரைத் தன் கையையே சந்தேகிக்க வைத்துவிட்டேன் என்ற எண்ணம் மட்டும் எந்தச் சுற்றுவழியிலும் விலகவில்லை.

போன மாதம் நாலு புது டயர் போட்டேன். எல்லாம் ஒரே அளவுதானா என்று பார்க்க, டயர்க் கடை வாசலில் நூலைப் பிரித்தேன். அப்போதுதான் உள்முடிச்சு கையில் தட்டுப்பட்டது. ஏதோ நினைத்து டிக்கியிலிருந்த ஸ்பேரை இறக்கி, நூலால் சுற்றினேன். முனை வந்து அந்த முடிச்சிலேயே நின்றது. டயரின் வெட்டுகளுக்குள் தோட்டத்து மண் இறுகிக் காய்ந்து கிடந்தது. டிக்கியைத் திறந்த யாருக்கும் அது தெரிந்திருக்கும். அந்த மூன்று நாளில் நானா இதை இறக்கி அளந்து முடிச்சுப் போட்டிருக்கிறார். நம்பிக்கை இல்லை என்று நானா சொன்னது தன் கையை அல்ல, என்னை.

மறுநாள் சுற்றுவழியில் போகவில்லை. நானா ஒரு வேனுக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். தாடி பாதி நரைத்திருந்தது. நான் சலாம் சுகம் எதுவும் கேட்கவில்லை.

“அந்த ஸ்பேரில நான் ஒண்டரை மாசம் ஓடினனான் நானா. பழியை உங்களில போட்டிட்டன். உங்களுக்குத் தெரியுமெண்டு நேற்றுத்தான் கண்டுபிடிச்சன். ஏன் அண்டைக்கே சொல்லேல்லை?”

“நான் கேட்டேன் தானே, டொக்டர்.”

டாஷ்போட் பெட்டியிலிருந்து நூலை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கி, கறுத்த நகத்தால் இரண்டாவது முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். அசையவில்லை. “இறுகிட்டு” என்றார். பிறகு வாகனத்தைச் சுற்றி நடந்து வந்தார். “புதுசு நாலு போட்டீக்கீங்க. ஸ்பேரையும் மாத்தினீங்களா?”

ஓம் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கெட்ட பழக்கம்.

“இல்லை நானா. அதே பழசுதான்.”

“சாவியத் தாங்க” என்றார். கொடுத்தேன். நூலை என்னிடம் திருப்பித் தந்தார், இரண்டு முடிச்சோடும்.