அப்பா பிடித்த டோமான்

அம்மாவுக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்த அன்று அப்பா ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய குற்றத்தை அதுவரை யாரும் செய்ததில்லை. மணி அடித்தால் மீன் ஓடிவிடுமென்று போனை சைலன்ட்டில் போட்டுப் பைக்குள் வைத்திருந்தாராம். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு டாக்சியில் போனார். அப்பா தூண்டிற்கோலோடு மருத்துவமனைக்கு ஓடிவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில் இருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பிய பிறகும் அம்மா அவரிடம் பேசவில்லை. "அப்பாகிட்ட தண்ணி கேளு" என்பார். அப்பா பக்கத்திலேயே நிற்பார். எனக்கு ஒன்பது வயது. தூது போகும் வேலையை நான் ரசித்துச் செய்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டிதான் வழிகாட்டினார். டோமான் மீன் சூப் குடித்தால் தையல் சீக்கிரம் ஆறுமாம். டோமான் என்பது நம் விராலுக்குப் பெரியண்ணன். குளத்து மீன்களையெல்லாம் விழுங்கிக் கொழுப்பது. அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அதே ஏரியில நானே புடிச்சிட்டு வரேன்" என்று அறிவித்தார். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை ஆன்ட்டியை அம்மாவுக்குத் துணை வைத்துவிட்டு இரண்டு பஸ் மாறி அந்த நீர்த்தேக்க ஏரிக்குப் போனோம். இந்த முறை போன் என் கையில். அதைவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாதென்று உத்தரவு. அங்கே உயிருள்ள இரை போட அனுமதியில்லை என்பதால் அப்பா பிளாஸ்டிக் தவளையை வீசி வீசி இழுத்தார். காலை முழுக்கத் தவளை மட்டுமே திரும்பி வந்தது. பிறகு தண்ணீர் படாரென்று வெடித்தது. கோல் வில்லாக வளைந்தது. அப்பா சறுக்கி, முட்டி போட்டு, ஒருவழியாகக் கரைவரை இழுத்துவிட்டார். அதன் அகன்ற கறுப்புத் தலையை நானே பார்த்தேன். அப்போதுதான் தூண்டில் நரம்பு அறுந்தது. மீன் தவளையோடு போயே போய்விட்டது.

அப்பா அறுந்த நரம்பைச் சுருட்டினார். "அம்மாகிட்ட என்னம்மா சொல்றது?" என்று என்னைக் கேட்டார். அவர் அப்படி என்னிடம் யோசனை கேட்டதே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"தேக்கால கிடைக்கும்லப்பா" என்றேன்.

தேக்கா சந்தையில் நல்ல பெரிய டோமானே கிடைத்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அப்பா எனக்குப் பாடம் எடுத்தார். மீன் எத்தனை மணிக்கு மாட்டியது, எந்த மரத்தடியில், யார் கைதட்டினார்கள் என்று எல்லாம் ஒப்பித்துவிட்டேன். சட்டையிலிருந்த சேற்றைத் துடைக்க வேண்டாமென்று சொன்னது நான்தான்.

சமையலறையில் அம்மா பையைப் பிரித்துப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பல நாள் கழித்து அப்பாவிடமே நேராகக் கேட்டார்.

"எப்படிப் புடிச்சீங்க?"

அப்பா நடித்தே காட்டினார். சறுக்கினார், முட்டி போட்டார். அம்மா தையலைக் கையால் அழுத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். எங்கள் சாமர்த்தியத்தை நினைத்து எனக்குத் தலைகால் புரியவில்லை. பையிலிருந்த மீனுக்குச் செதிலும் இல்லை, குடலும் இல்லை. தையலோடு அம்மா எப்படிக் கழுவுவார் என்று அப்பாதான் மீன்காரரிடம் சொல்லி ஒரே அளவில் துண்டு போட்டு வாங்கியிருந்தார். ஏரியில் யாரும் அப்படி வெட்டித் தர மாட்டார்கள் என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

அன்று அம்மா இரண்டு கிண்ணம் சூப் குடித்தார். கிண்ணத்தை அப்பாவிடம் நீட்டிக்கொண்டே, "அடுத்த சனிக்கிழமையும் போய்ட்டு வாங்க, போன் மட்டும் சத்தமா இருக்கட்டும்" என்றார்.

அம்மாவுக்கு டோமான் சூப் அவ்வளவு பிடித்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.